புகார்த் தாள் முதல் கோப்பு ஒப்படைப்பு வரை: குழந்தைகள் நலப் பணியாளருக்குச் சில வழிமுறைகள்

ஒரு வீட்டில் குழந்தை துன்பப்படுகிறது என்ற புகார்த் தாள் கைக்கு வந்ததும் உடனே கிளம்பிவிடத் தோன்றும். உயிருக்கு ஆபத்து என்றால் கிளம்பத்தான் வேண்டும், காவல்துறையையும் அழைத்துக்கொண்டு. அப்படி இல்லையென்றால் முதல் ஒரு மணி நேரத்தைப் பழைய கோப்புக்குக் கொடுங்கள். ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போன பிறகு நடக்கும் விசாரணைகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது இது: தகவல் ஏற்கெனவே இருந்திருக்கும். பள்ளியிடம் கொஞ்சம், மருத்துவமனையிடம் கொஞ்சம், முந்தைய பணியாளரின் குறிப்பில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்திருக்கும். யாரும் அதை ஒரே தாளில் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தாளை நீங்கள் தயாரியுங்கள். நான்கு கட்டம் போதும்: தேதி, நடந்தது, நேரில் பார்த்தவர் யார், எடுத்த நடவடிக்கை என்ன. ஐந்து புகார்கள் வந்து ஐந்தும் ‘ஆதாரம் போதவில்லை’ என்று தனித்தனியே மூடப்பட்டிருக்கலாம். தேதி வரிசையில் எழுதும்போதுதான், அவற்றில் நான்கு அம்மா இரவு ஷிஃப்டுக்குப் போன வாரங்களில் வந்தவை என்று கண்ணில் படும். அதே தாளின் கீழே குடும்ப உறவுப் படம் ஒன்றை வரையுங்கள். வீட்டில் தூங்கும் ஒவ்வொருவருக்கும் அதில் இடம் வேண்டும். கோப்புகளில் அம்மாவைப் பற்றி முப்பது பக்கம் இருக்கும். கூட வசிக்கும் ஆணின் பெயர்கூட இருக்காது. அந்த வெற்றிடத்தை முதல் கேள்வியாக எழுதிக்கொண்டு போங்கள்.

உங்கள் பாதுகாப்பையும் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அலுவலகத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த நேரம் தாண்டி 15 நிமிடத்துக்குள் நீங்கள் அழைக்காவிட்டால் அவர் உங்களை அழைக்க வேண்டும். ஆபத்து என்றால் ஃபோனில் சொல்ல, கேட்பவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒரு வாக்கியத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள். உள்ளே போனதும் வாசலுக்கு அருகில் உட்காருங்கள். சமையலறையில் நின்று பேச வேண்டாம், அங்கே கத்தியும் கொதிக்கும் பாத்திரமும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

வாசலில்

‘சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்’ என்று ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் அது பொய் என்று தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அந்த வீடு நம்பாது. பெயரையும் அலுவலகத்தையும் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வாருங்கள்: “உங்க பிள்ளைங்களைப் பத்தி ஒரு கவலை எங்களுக்கு வந்திருக்குங்க. அது சரியா தப்பான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. உங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்.” புகார் கொடுத்தவர் யார் என்று கட்டாயம் கேட்பார்கள். “அதை நான் சொல்லக்கூடாதுங்க” என்பதோடு நிறுத்துங்கள். ‘பக்கத்து வீட்டுக்காரங்க இல்ல’ என்பதும் துப்பு கொடுத்த மாதிரிதான்.

கத்துவார்கள். பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளியே வரும். குரலைத் தாழ்த்தி, அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, மூச்சுவிட இடம் கொடுங்கள். கோபத்தை ஒத்துழையாமை என்று உடனே எழுதிவிடாதீர்கள். இன்முகமாக வரவேற்று எல்லாவற்றுக்கும் தலையாட்டும் வீட்டை நல்ல வீடு என்று எழுதுவதும் அதே அளவு ஆபத்து. ஒத்துழைப்பது போன்ற தோற்றம் என்று இந்தத் துறையில் ஒன்று உண்டு: நீங்கள் வரும் நாளில் வீடு துடைத்துவைத்திருக்கும், கவுன்சலிங் சீட்டு மேசைமேல் இருக்கும், ஆனால் மூன்று மாதமாகக் குழந்தையின் எடை ஏறியிருக்காது. அம்மாவின் பேச்சையும் குழந்தையின் நிலையையும் தனித்தனியே குறித்துவந்தால் இந்த இடைவெளி பிடிபடும்.

குழந்தையைப் பார்ப்பது

இதற்குப் பதிலி கிடையாது. ‘தூங்குறான்’, ‘பாட்டி வீட்டுக்குப் போயிருக்கா’ என்று வரும் பதில்களோடு திரும்பி வந்தால், குறிப்பில் ‘வீட்டு விசிட் முடிந்தது’ என்று எழுதாதீர்கள். ‘குழந்தையைப் பார்க்கவில்லை’ என்று எழுதி, அடுத்து எப்போது பார்ப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள். கைக்குழந்தை தூங்கினால் விழிக்கும்வரை காத்திருங்கள், அல்லது எழுப்பச் சொல்லுங்கள். நாப்கின் மாற்றும்போது உடனிருந்தால், நீங்கள் தொடாமலே உடல் முழுவதையும் பார்த்துவிடலாம். அந்த இரண்டு நிமிடத்தில் இன்னொன்றும் தெரியும்: அம்மா நெருங்கும்போது குழந்தை அவள் முகத்தைத் தேடுகிறதா, விறைத்துக்கொள்கிறதா. பேச்சு வராத குழந்தையிடமிருந்து கிடைக்கும் வாக்குமூலம் அதுதான்.

தூங்கும் இடத்தையும் பாருங்கள். கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கிறார்களா, படுக்கை தட்டையாக, கெட்டியாக இருக்கிறதா, முகத்துக்குப் பக்கத்தில் தலையணையோ தளர்ந்த போர்வையோ கிடக்கிறதா என்று கவனியுங்கள். மருந்து எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். நீங்களாக அலமாரியைத் திறக்காதீர்கள், காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

காயத்தைப் பொறுத்தவரை மருத்துவரின் வேலையை நீங்கள் செய்யக்கூடாது. ஆனால் எப்போது மருத்துவரிடம் போயே ஆக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்கு டென்-4 என்றொரு விதி 2010-இல் வெளியானது. 2021-இல் அதை விரிவாக்கினார்கள். நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு உடம்பின் நடுப்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றிப்போன தடம் இருந்தால் கவலைப்பட வேண்டும். மேலுதட்டின் உள்ளே இருக்கும் சவ்வு, தாடை மூலை, கன்னத்தின் சதைப்பகுதி, கண் இமை, வெள்விழி ஆகியவற்றில் காயம் இருந்தாலும், தடம் விரல்கள் போலவோ பெல்ட் போலவோ ஒரு வடிவத்தில் இருந்தாலும் அப்படியே. ஐந்து மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பில் எங்கே கன்றியிருந்தாலும் அன்றே மருத்துவரிடம். புரளத் தெரியாத குழந்தை தானாகப் போய் இடித்துக்கொள்ளாது. ஓடியாடும் பிள்ளையின் முழங்காலிலும் முன்னங்காலிலும் நெற்றியிலும் காணும் தடங்கள் பெரும்பாலும் விளையாட்டில் வந்தவை. நிறத்தை வைத்து ‘மூணு நாள் பழைய காயம்’ என்று கணக்குப் போடாதீர்கள். அந்தக் கணக்கு நம்பத்தக்கதில்லை. உடல் வரைபடத்தில் இடத்தைக் குறித்து, அளவை சென்டிமீட்டரில் எழுதி, குழந்தையும் பெரியவரும் கொடுத்த விளக்கத்தைத் தனித்தனியே பதிவு செய்யுங்கள். காயமும் விளக்கமும் பொருந்துகிறதா என்ற கேள்விக்கு மருத்துவர் விடை சொல்லட்டும்.

பேச விடுவது

இந்த வேலையில் மிகச் சுலபமாகக் கெட்டுப்போவது குழந்தையின் வார்த்தை. ஒரு தவறான கேள்வி போதும். ஆறு வயதுக் குழந்தை உங்களிடம், “அப்பா ராத்திரி கோவமா இருப்பாரு” என்கிறது என்று வைத்துக்கொள்வோம். “அடிப்பாரா?” என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்டுவிட்டால், வரும் ‘ஆமா’வில் எவ்வளவு குழந்தையுடையது, எவ்வளவு உங்களுடையது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வழக்கறிஞர் முதலில் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான். “கோவமா இருக்கும்போது என்ன நடக்கும், சொல்லு” என்று கேளுங்கள். பிறகு, “அப்புறம்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்குத் தாங்க முடியாத அந்த மௌனத்தில்தான் குழந்தை அடுத்ததைத் தேடி எடுக்கிறது.

மைக்கேல் லாம்ப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உருவாக்கி, பல நாடுகளில் குழந்தைகளிடம் விசாரிக்கப் பயன்படுத்தப்படும் என்ஐசிஹெச்டி (அமெரிக்கக் குழந்தை நல ஆய்வு நிறுவனம் ஒன்றின் பெயர்) நேர்காணல் முறையும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது: திறந்த அழைப்பு முதலில், குறிப்பான கேள்வி கடைசியில். முழு நேர்காணல் அதற்கென்று பயிற்சி பெற்றவரின் வேலை. உங்களுக்குத் தேவை குறைந்தபட்ச விவரம் மட்டுமே: என்ன நடந்தது, யார், எங்கே, அந்த நபர் இன்று இரவும் குழந்தையை நெருங்க முடியுமா. இவை கிடைத்ததும் நிறுத்துங்கள். ஆசிரியர், நீங்கள், போலீஸ், மருத்துவர் என்று ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்டால் குழந்தை ஒவ்வொரு முறையும் அதை மறுபடி அனுபவிக்கிறது, சொல்வதும் மாறிக்கொண்டே போகிறது.

‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வியைத் தவிருங்கள். “ஏன் அம்மாகிட்ட சொல்லல?” என்பது குழந்தையின் காதில் ‘உன் தப்பு’ என்றுதான் விழும். “யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். “நீ பத்திரமா இருக்கணும்னா சில பேர்கிட்ட நான் சொல்ல வேண்டியிருக்கும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்குச் சொல்லுவேன்” என்று சொல்லலாம். சின்னக் குழந்தைக்கு ‘நேத்து’ என்பது கடந்துபோன எந்த நாளாகவும் இருக்கலாம். பிறந்த நாளுக்கு முன்னா பின்னா, லீவு விட்ட பிறகா என்று நாளைப் பிடியுங்கள். மொழி புரியாவிட்டால் அண்ணனையோ அத்தையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எதை மறைக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி வைத்திருக்கலாம்.

எழுதுவது

அன்றே எழுதுங்கள். முடியாவிட்டால் வண்டியில் உட்கார்ந்தே நேரங்களையும், குழந்தை சொன்ன சொற்களை அதே சொற்களாகவும் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குள் முழுதாக்குங்கள். நான் பார்த்தது, பிறர் சொன்னது, நான் நினைப்பது என்ற மூன்றும் மூன்று பத்தியாக இருக்கட்டும். ‘வீடு மிக மோசமாக இருந்தது, தாய் அலட்சியமாக இருந்தார்’ என்று எழுதினால் படிப்பவருக்கு உங்கள் மனநிலை மட்டுமே தெரியும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மாலை 4.10. சமையலறைத் தரையில் உடைந்த கண்ணாடித் துண்டுகள், தவழும் குழந்தையிலிருந்து சுமார் 2 அடி தூரத்தில். தாய் மூன்று முறை அந்த வழியே நடந்தார், அகற்றவில்லை. நான் சுட்டிக்காட்டியதும் உடனே கூட்டினார்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அந்தத் தாய்க்குச் சாதகமாக அன்று நீங்கள் கண்ட ஒரே விஷயமாக அது இருக்கலாம். அந்தக் குழந்தை வளர்ந்து தன் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் கூடும். தன் அம்மாவைப் பற்றி அது படிக்கப்போவது நீங்கள் எழுதிய வரிகளைத்தான்.

வறுமையையும் புறக்கணிப்பையும் குழப்பிக்கொள்வது இந்தத் துறையின் பழைய நோய். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு (பெற்றோரிடம் இல்லாமல் வளரும் குழந்தைகளின் பராமரிப்பு) வழிகாட்டுதல்கள், வறுமை மட்டுமே குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணமாக இருக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. உங்களையே இரண்டு கேள்வி கேளுங்கள். பணமோ பொருளோ ஆளுதவியோ கிடைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா? இருப்பதை வைத்து இவர்கள் குழந்தைக்கு என்ன செய்கிறார்கள்? ஒரே படுக்கையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பவரிடம் இல்லாதது பணம். அவருக்கு எழுத வேண்டியது உதவிக்கான பரிந்துரை.

முடிவெடுப்பதும் மாற்றிக்கொள்வதும்

இப்போதைய ஆபத்தும் பின்னால் வரக்கூடிய ஆபத்தும் வெவ்வேறு. இன்று இரவு இந்த வீட்டில் குழந்தை பத்திரமா என்பது ஒரு கேள்வி; ஆறு மாதத்தில் நிலைமை மோசமாகுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உடனடிப் பாதுகாப்புத் திட்டம் வேண்டும், இரண்டாவதற்கு நீண்ட உதவி வேண்டும். ‘இனிமே குடிக்க மாட்டேன்’ என்று கையெழுத்து வாங்குவது திட்டமாகாது. குடித்துவிட்டு வந்தால் குழந்தையை யார் கூட்டிக்கொண்டு போவார், எங்கே, அவரிடம் நீங்கள் நேரில் பேசினீர்களா, அது நடந்ததா என்று யார் உங்களுக்குச் சொல்வார், திட்டம் எந்தத் தேதியில் மறுபரிசீலனைக்கு வரும் என்ற ஐந்துக்கும் பதில் இருந்தால்தான் அது திட்டம்.

அதைவிடக் கடினம், போட்ட கணக்கை மாற்றுவது. பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை குழந்தை வன்கொடுமை பற்றி வெளியான 45 விசாரணை அறிக்கைகளை ஆராய்ந்த ஆய்வாளர் எய்லீன் மன்ரோ, பணியாளர்கள் தங்கள் முதல் மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளத் தயங்கியதே திரும்பத் திரும்ப வந்த தவறு என்று 1999-இல் எழுதினார். புதுத் தகவல் வந்தால், அது பழைய முடிவோடு ஒத்துப்போனால் ஏற்போம். ஒத்துப்போகாவிட்டால் அதில் குறை தேடுவோம். எல்லா மனித மூளைக்கும் உள்ள பழக்கம் இது, ஆகவே மனஉறுதி மட்டும் போதாது, செய்முறை வேண்டும். முதல் மதிப்பீட்டின் அடியிலேயே ‘எது தெரியவந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்’ என்று மூன்று வரி எழுதிவையுங்கள். மாதம் ஒரு முறை மேலதிகாரியோடு உட்காரும்போது, அவரை எதிர்ப்பக்கம் நின்று வாதாடச் சொல்லுங்கள். தாயின் புதுக் கர்ப்பமோ புது வீடோ வரும்போது ‘புதுசா ஆரம்பிக்கிறாங்க’ என்று பழைய வரலாற்றை மூடிவைக்கும் ஆசையும் வரும். அப்போது அந்த ஒரு பக்கத் தேதி வரிசையை மறுபடி எடுத்துப் படியுங்கள்.

பிரித்து அழைத்துச் செல்லும் நாள்

வேறு வழியே இல்லாதபோது மட்டும் இது. 1989-இல் நிறைவேறிய ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, குழந்தையின் நலனுக்குத் தேவை என்று சட்டப்படி தீர்மானமானால் ஒழியப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்கிறது. முதலில் உறவினரைத் தேடுங்கள். உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வையுங்கள்.

பொருட்களைக் குப்பைப் பையில் திணித்துக் கொண்டுபோகாதீர்கள். வண்டியில் எப்போதும் ஒரு நல்ல பை இருக்கட்டும். மருந்து, மூக்குக்கண்ணாடி, தடுப்பூசி அட்டை, பள்ளிப் புத்தகம், இரண்டு மூன்று புகைப்படம், கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை. தலையணை உறையைத் துவைக்காமல் எடுங்கள். வீட்டு வாசம் அதில்தான் இருக்கும், முதல் இரவு அது வேண்டும். கூடுமானால் அம்மாவிடமே கேளுங்கள்: எப்படித் தூங்கவைப்பீர்கள், எதைக் கண்டால் பயப்படுவான், எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. பிள்ளையைப் பற்றித் தெரிந்தவர் தான்தான் என்பதை அந்த நாளிலும் அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை என்று அவருக்குத் தெரியட்டும். குழந்தைக்கு நான்கு விஷயம் சொல்லுங்கள்: எங்கே போகிறோம், அங்கே யார் இருப்பார்கள், அம்மாவை அடுத்து எப்போது பார்க்கலாம், இது உன் தப்பு இல்லை. கடைசியானதை ஒரு முறை சொன்னால் போதாது. எப்போது வீடு திரும்பலாம் என்று மட்டும் தேதி சொல்லாதீர்கள்.

அம்மாவைச் சந்தித்துவிட்டு வந்த இரவு குழந்தை படுக்கையை நனைக்கும், அடம்பிடிக்கும். வளர்ப்புக் குடும்பம் ‘சந்திப்பே வேண்டாம்’ என்று சொல்லும். பெரும்பாலும் அது பிரிவின் வலி. சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு என்று எழுதும் முன், சந்திப்பின்போது என்ன நடந்தது என்பதை நேரில் உட்கார்ந்து கவனியுங்கள்.

உங்களைக் காப்பாற்றிக்கொள்வது

வேலைப்பளுவைப் புலம்பலாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கணக்காகச் சொல்லுங்கள். மாதம் 160 மணி நேரம் என்று வையுங்கள். நீதிமன்றம், கூட்டம், பயிற்சி, விடுப்பில் 40 போனால் மீதி 120. ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டு விசிட், பயணத்தோடு 4 மணி, எழுத 2, பள்ளி, மருத்துவர், உறவினர் ஃபோன்களுக்கு 2. ஆக 8 மணி நேரம். அப்படியானால் 15 குடும்பம். உங்கள் கையில் 30 இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 4 மணிதான்: போய்வரலாம், எழுத முடியாது, யாரிடமும் பேச முடியாது. இந்த மாதம் எந்தெந்த வீட்டில் எதைச் செய்ய முடியவில்லை என்று பெயர் வாரியாக எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள், எதை முதலில் விடுவது என்று அவரையே எழுத்தில் கேளுங்கள். நாளை ஏதாவது நடந்தால் ‘ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி உங்கள்மேல் மட்டும் விழாது. அதற்கு முன்பே ஆள் கிடைக்கவும் வழி உண்டு.

மனச்சோர்வு இரண்டு வகையில் வரும். வேலைப்பளுவால் மெல்ல மெல்ல வறண்டுபோவது ஒன்று. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று: உணர்ச்சி வற்றிப்போதல், எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல், செய்வதில் பயனில்லை என்ற எண்ணம். குடும்பங்களைப் பெயரால் சொல்லாமல் கேஸ் நம்பரால் மட்டும் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வந்துவிட்டது. மற்றது, பிறர் பட்ட கொடுமையைக் கேட்டும் பார்த்தும் நமக்கு வரும் அதிர்ச்சி. இது ஒரே கேஸில், ஒரே நாளில் வரலாம்: கெட்ட கனவு, சொந்தப் பிள்ளையை யாரிடமும் விடப் பயம், ஒரு தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவது. முதலாவதற்கு மருந்து வேலையைக் குறைப்பது. இரண்டாவதற்கு லீவு மட்டும் போதாது. அந்தக் கேஸைப் பற்றிப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேச வேண்டும். அறிகுறிகள் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்துபோனால், அன்று தனியாக வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகாதீர்கள்.

பலரும் இந்த வேலையை விட்டுப் போகிறார்கள், நீங்களும் போகலாம். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், ஆனால் கோப்பை மேசையில் வைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள். புதிதாக வருபவரை ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்யுங்கள். அந்தக் குழந்தையிடம் நேரில், குறைந்தது இரண்டு வாரம் முன்பே, “நான் வேற வேலைக்குப் போறேன். நீ ஏதும் செஞ்சதால இல்ல. இனிமே இவங்க வருவாங்க, அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு” என்று சொல்லுங்கள். புதியவர் அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அங்கே இருக்கிறாரா என்று ஃபோன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.